முழங்கால் சோதனை ரோபோ: எந்த எண்ணை நம்பலாம்?

வாசகர் கேள்வி – பதில்

தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் அதே வகை ரோபோக் கைதான் முழங்கால் ஆய்வுக்கூடங்களிலும் நிற்கிறது. தானமாகக் கிடைத்த உடலிலிருந்து எடுத்த முழங்காலில், தொடை எலும்பான ஃபீமரைக் கனமான தாங்கியில் முடுக்குவார்கள். கீழ்க்கால் எலும்பான டிபியாவை ரோபோவின் முனையில், ஆறு திசைகளிலும் விசையை அளக்கும் லோட் செல்லோடு சேர்த்துப் பூட்டுவார்கள். ரோபோ மூட்டை மடக்கும், முன்னே இழுக்கும், முறுக்கும். மூட்டு எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு எதிர்த்தது என்ற இரண்டும் பதிவாகும். இந்த அளவீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று டெல்டா மாவட்டங்களின் மாணவர்களும் இயன்முறை மருத்துவர்களும் பட்டறைக்காரர்களும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ரோபோவின் கையேட்டில் ரிப்பீட்டபிலிட்டி ±0.06 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அப்படியானால் முழங்கால் அசைவை 0.06 மி.மீ. துல்லியத்தில் அளந்தோம் என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?
– உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி, மயிலாடுதுறை

பதில்: எழுதக் கூடாது. அந்த எண் ரோபோவைப் பற்றியது, முழங்காலைப் பற்றியது இல்லை. ஐஎஸ்ஓ 9283 தரத்தின்படி, குறித்த எடையைத் தூக்கிக்கொண்டு ரோபோ ஒரே இடத்துக்கு ஒரே திசையிலிருந்து 30 முறை வருகிறது. அந்த 30 புள்ளிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறின என்பதைத்தான் கையேடு சொல்கிறது. நீங்கள் போகச் சொன்ன இடத்துக்கும் அது போய் நின்ற இடத்துக்கும் உள்ள தூரம் வேறு கணக்கு. அளவுத்திருத்தம் செய்யாத ரோபோவில் அந்தத் தூரம் பல மடங்கு பெரிதாக இருக்கும். தட்டின் அடியில் புளி ஒட்டிய தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டும், அந்த எடை சரியா என்பது தனிக் கேள்வி.

முழங்கால் சோதனையில் இதைவிடப் பெரிய பிழை நெகிழ்விலிருந்து வருகிறது. ரோபோவின் என்கோடர்கள் மோட்டார் எத்தனை டிகிரி திரும்பியது என்று மட்டும்தான் பார்க்கின்றன. 134 நியூட்டன் விசையில் டிபியாவை முன்னே இழுக்கும்போது கியர், கையின் வார்ப்பு, கிளாம்ப், போல்ட், எலும்பைக் கிளாம்பில் பதிக்கும் போன் சிமென்ட், எலும்பு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வளைகின்றன. அந்த வளைவு அத்தனையும் ‘மூட்டு நகர்ந்தது’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

இதை அளப்பது கடினமில்லை. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கெட்டியான எஃகுக் கட்டையை இரண்டு கிளாம்புகளுக்கும் நடுவே பூட்டுங்கள். வழக்கமான சோதனையையே ஓட்டுங்கள். கட்டை நகராது, ஆகவே திரையில் தெரியும் நகர்வு முழுவதும் இயந்திரத்தின் பங்கு. 0.01 மி.மீ. பிரிவுள்ள டயல் கேஜைக் காந்த அடித்தாங்கியில் வைத்து, கட்டை, கிளாம்ப், ரோபோ முனை என்று ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்தால் எந்த இணைப்பு அதிகம் கொடுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆறு திசைகளிலும், 0, 30, 60, 90 டிகிரி மடக்கிலும் செய்ய வேண்டும். ரோபோக் கை நீண்டிருக்கும்போது இருக்கும் விறைப்பும் மடங்கியிருக்கும்போது இருக்கும் விறைப்பும் ஒன்றல்ல.

மூன்றாவது பிழை உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. 1983-இல் குரூட்டும் சன்டேயும் வகுத்த மூட்டு அச்சு முறையைத்தான் பெரும்பாலான கூடங்கள் பின்பற்றுகின்றன. அதற்கு ஃபீமரின் இரு பக்கப் புடைப்புகளையும் கூர்முனைக் கருவியால் தொட்டுக் காட்ட வேண்டும். புடைப்பு ஒரு மேடு. ஆளுக்கு ஆள் சில மி.மீ. தள்ளித் தொடுவார்கள். அதனால் மடக்கு அச்சு கிடைத்தளத்தில் 5 டிகிரி திரும்பிவிட்டால், மூட்டை 90 டிகிரி மடக்கும்போது உண்மையில் இல்லாத ஏறக்குறைய 5 டிகிரி பக்கவாட்டுக் கோணல் திரையில் முளைக்கும். சுத்தமான மடக்கு, கோணலாகப் பதிவாகும். இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து முறை, ஒரே முழங்காலில் புள்ளிகளைத் தொட்டு, அந்தப் பத்து அச்சுகளாலும் ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். வரும் சிதறலை அறிக்கையில் எழுதுங்கள். படிப்பவர்களுக்கு ±0.06-ஐவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

கேள்வி: டிபியா முன்னே நழுவாமல் முழங்காலுக்குள் பிடித்துவைக்கும் ஏசிஎல் தசைநாருக்குள் எந்தக் கருவியும் வைக்காமலே அது தாங்கும் விசையை ரோபோ சொல்கிறது என்கிறார்கள். எப்படி? அதை எவ்வளவு நம்பலாம்?
– இயன்முறை மருத்துவர், திருவாரூர்

பதில்: 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சாவியோ வூ குழுவினர் வளர்த்தெடுத்த முறை இது. செய்முறை இப்படிப் போகும். முதலில் முழு முழங்காலை ஒவ்வொரு டிகிரியாக மடக்கி, மற்ற திசைகளில் விசையும் முறுக்கும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் பாதையைத் தேடுவார்கள். இதுதான் அந்த மூட்டின் இயல்பான தடம். பிறகு குறித்த கோணத்தில் 134 நியூட்டன் முன்னிழுப்பு கொடுத்து, டிபியா போன பாதையை ஆறு அச்சுகளிலும் பதிவு செய்வார்கள். அடுத்து ஏசிஎல்லை அறுப்பார்கள். இப்போது விசையைக் கொடுக்காமல், பதிவான பாதையில் அப்படியே ரோபோவைத் திரும்ப ஓட்டுவார்கள். முன்பு இருந்த எதிர்ப்பில் இப்போது எவ்வளவு குறைந்ததோ அதுதான் ஏசிஎல் தாங்கிய விசை.

கழித்தல் கணக்குதான். அது சரியாக வர, இரண்டாம் முறையும் எலும்புகள் முதல் முறை இருந்த அதே இடத்தில் இருந்தாக வேண்டும். வூ குழுவினர் 1991-இல் வெளியிட்ட அளவீட்டில், 22 முதல் 35 வயது வரையிலானவர்களின் ஏசிஎல் ஒரு மி.மீ. நீள்வதற்குச் சராசரியாக 242 நியூட்டன் தேவைப்பட்டது. அறுவதற்கு 2160 நியூட்டன். அந்த விறைப்பில் 0.1 மி.மீ. இடப்பிழை 24 நியூட்டன் விசைப்பிழையாக மாறும். தசைநார் தளர்ந்திருக்கும் தொடக்கப் பகுதியில் பிழை இவ்வளவு பெரிதாகாது, இறுகிய பிறகு ஆகும்.

இடப்பிழை எங்கிருந்து வரும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழு முழங்கால் 134 நியூட்டனில் எதிர்க்கும்போது ரோபோக் கை சிறிது பின்னுக்கு வளைந்திருக்கிறது. ஏசிஎல்லை அறுத்ததும் எதிர்ப்பு குறைகிறது, கை நிமிர்கிறது. என்கோடர் ‘அதே இடம்’ என்றே சொல்லும், ஆனால் டிபியா முன்னைவிடச் சற்று அதிகமாக முன்னே போயிருக்கும். மிச்சமிருக்கும் திசுக்கள் கூடுதலாக நீட்டப்பட்டு, கூடுதலாக எதிர்க்கும். கழித்துப் பார்த்தால் ஏசிஎல்லின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில் வருவதால், எத்தனை முழங்கால்களைச் சோதித்துச் சராசரி எடுத்தாலும் அழியாது. ஃபீமரிலும் டிபியாவிலும் ஆணி அடித்து, அவற்றில் ஒளிக் குறிகளைப் பொருத்தி, அறுப்பதற்கு முன்னும் பின்னும் எலும்புகளின் உண்மையான இடத்தைக் கேமராவால் ஒப்பிட்டால் மட்டுமே தெரியவரும்.

இன்னொன்று: மூட்டுறையைத் திறந்த கையோடு ஏசிஎல்லையும் அறுத்துவிடாதீர்கள். திறந்து, தைத்து, ஒருமுறை பாதையை ஓட்டுங்கள். பிறகு அறுங்கள். இல்லாவிட்டால் மூட்டுறையின் பங்கு ஏசிஎல் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: காலையில் 30 டிகிரியில் 134 நியூட்டனுக்கு 5.1 மி.மீ. வந்த அதே முழங்கால், பிற்பகல் 6.4 மி.மீ. காட்டுகிறது. எதையும் அறுக்கவில்லை. நடுவில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தது. முழங்கால் தளர்ந்ததா, இயந்திரம் மாறியதா?
– ஆய்வுக்கூட உதவியாளர், தஞ்சாவூர்

பதில்: 1.3 மி.மீ. பெரிய வேறுபாடு. காரணம் ஒன்றாக இருக்காது, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். கீழே சொல்லும் வரிசையில் போனால் விரைவில் பிடித்துவிடலாம்.

முதலில் எலும்பு நழுவியதா என்று பாருங்கள். சிமென்ட் வாயில் எலும்பும் சிமென்டும் சேரும் இடத்தில் நெடுக்காக ஒரு கோடு கீறி வைப்பது வழக்கமாக இருக்கட்டும். அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. அன்றைய பதிவுகள் பயன்படாது.

அடுத்து லோட் செல்லின் பூஜ்யம். முழங்காலை இறக்கிவிட்டு, காலையில் பூஜ்யம் குறித்த அதே நிலைக்கு ரோபோவைக் கொண்டுபோய், ஆறு எண்களையும் ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ்கள் வெப்பத்துக்கு நகரும். மின்சாரம் வந்தவுடன் ஒரு மணி நேரமாவது சூடேற விட்டுத்தான் அளக்க வேண்டும். தஞ்சாவூர் ஏப்ரலில், குளிர்சாதனம் நின்று கதவும் திறந்திருந்தால் அறையின் வெப்பம் கால் மணி நேரத்தில் ஏறிவிடும், லோட் செல் அதைப் பின்தொடரும். ரோபோக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கணினிக்கும் மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு லோட் செல்லின் ஆம்ப்ளிஃபயரை மறந்துவிடும் கூடங்கள் உண்டு. உங்கள் கூடத்தில் அது எந்த இணைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மின்தடைக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் ஒன்றாகச் சேர்க்காமல், மீண்டும் தொடக்கச் சோதனையிலிருந்து ஆரம்பிப்பதே சரி. அவசரத்தில் முழங்கால் பூட்டியிருக்கும்போதே பூஜ்யம் அழுத்தியிருந்தால், அந்த நேரத்தில் மூட்டில் இருந்த விசை முழுதும் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும்.

மூன்றாவது, எடை ஈடு. கிளாம்பும் டிபியாவும் சேர்ந்து மூன்றரை கிலோ இருந்தால் 34 நியூட்டன். ரோபோ சாய்க்கச் சாய்க்க அந்த 34 நியூட்டன் ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்கு இடம் மாறும். மென்பொருள் அதைக் கழிக்க எடையும் எடைமையமும் தெரிய வேண்டும். முழங்காலை ஃபீமர் தாங்கியில் பூட்டுவதற்கு முன், ரோபோவை எட்டு வெவ்வேறு சாய்வுகளில் நிறுத்தி அளந்தால் இரண்டும் கிடைக்கும். அதற்குப் பிறகு கிளாம்பில் ஒரு போல்ட்டை மாற்றினாலும், நனைந்த துணியைச் சுற்றினாலும் கணக்கு மாறும். 200 கிராம் ஈரத்துணி 2 நியூட்டன். முன்னிழுப்புச் சோதனையில் அது சிறிது; தடம் தேடும்போது அது சிறிதல்ல.

கடைசியாகத்தான் முழங்காலைச் சந்தேகிக்க வேண்டும். தசைநார் இழுக்க இழுக்க மெல்ல நீளும், ஓய்வு கொடுத்தால் ஓரளவு திரும்பும். அதனால் அளப்பதற்கு முன் அதே விசையில் பத்து முறை இழுத்துவிட்டுப் பழக்குவார்கள். காலையில் பழக்காமல் அளந்துவிட்டு, பகல் முழுக்க இழுத்த பிறகு மறுபடி அளந்தால் வேறுபாடு வராமல் எப்படி? உறைநிலையிலிருந்து முழுக்க இளகாத முழங்காலும் காலையில் விறைப்பாக இருக்கும்; வெளியே மெத்தென்று இருந்தாலும் மூட்டின் உள்ளே பனி இருக்கலாம். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்ததை 4 டிகிரியில் ஓர் இரவு முழுதும், பிறகு அறை வெப்பத்தில் சில மணி நேரமும் வையுங்கள். சோதனை நடக்கும்போது 0.9 சதவீத உப்புநீரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளியுங்கள். காய்ந்த தசைநார் ஈரமான தசைநாரைப் போல நடந்துகொள்ளாது.

ஒரு பழக்கத்தை இன்றே தொடங்கலாம்: எத்தனை சோதனை இருந்தாலும், அறுப்பதற்கு முந்தைய கட்டத்தில் முதலில் செய்த சோதனையையே கடைசியிலும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அன்றைய நாளின் நகர்வு. அது 0.3 மி.மீ. என்றால், அன்று நீங்கள் கண்ட 0.3 மி.மீ. விளைவு எதையும் பேசக் கூடாது.

கேள்வி: எங்கள் லேத் பட்டறைக்கு ஒரு கல்லூரியிலிருந்து எலும்பைப் பிடிக்கும் கிளாம்ப் செய்யக் கேட்டிருக்கிறார்கள். முன்பு செய்து கொடுத்ததில் எலும்பு சுழல்கிறது என்று புகார். எப்படிச் செய்ய வேண்டும்?
– பட்டறை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: கேட்டதற்கு நன்றி. நல்ல கிளாம்ப் இல்லாமல் நல்ல அளவீடு கிடையாது. இந்த வேலையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

6061 அலுமினியக் கட்டையில் உள்விட்டம் 55 மி.மீ., ஆழம் 90 மி.மீ. உள்ள கிண்ணமாகக் கடையுங்கள். எலும்புத் தண்டு 30 மி.மீ.க்கு அருகில் இருக்கும், சுற்றிலும் சிமென்டுக்கு 12 மி.மீ. இடம் கிடைக்கும். எஃகு வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் கிலோவும் லோட் செல்லின் அளவெல்லையிலும் ரோபோவின் தூக்குதிறனிலும் பத்து நியூட்டனைத் தின்னும்.

சுழல்வதற்குக் காரணம் உள்சுவர் வழவழப்பாக, முழு வட்டமாக இருப்பது. வட்டப் பள்ளம் போட்டால் சிமென்ட் மேலே கழன்று வராது, ஆனால் சுழலும். ஆகவே வட்டப் பள்ளங்களோடு, நெடுக்காகவும் மூன்று பள்ளங்கள், 3 மி.மீ. ஆழத்தில், மில்லிங்கில் போடுங்கள். சிமென்ட் கெட்டியானபின் வெளியே எடுக்கவும் வேண்டுமே! அதற்குக் கிண்ணத்தை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, எம்6 ஆலன் போல்ட்டால் சேர்த்துவிடுங்கள். சுவரில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று, இரண்டு அடுக்கில் ஆறு எம்6 துளைகள் மரையிட்டு விடுங்கள். சிமென்ட் ஊற்றுமுன் எலும்பை நடுவில் நிறுத்த அவை உதவும்.

அடித்தட்டு 12 மி.மீ. தடிமன். இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்: எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போட்டால் ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. ஆட்டம் இருக்கிறது. கிளாம்பைக் கழற்றி மாட்டினால் முழங்கால் வேறு இடத்தில் உட்காரும். போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான். இடம் பிடிக்க 8 மி.மீ. டவல் பின் இரண்டு, ரீமர் போட்ட துளையில், கையால் அழுத்தினால் போகும் அளவுக்கு வையுங்கள். உப்புநீர் சொட்டும் இடம் என்பதால் போல்ட்டெல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். அலுமினியத்தில் போட்ட மரை அடிக்கடி கழற்றினால் தேயும், ஹெலிகாயில் என்ற மரைச்சுருளை வைத்துக் கொடுத்தால் பல வருடம் உழைக்கும்.

கல்லூரிக்காரர்களிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. சிமென்டுக்குள் போகும் பகுதியில் சதையும் எலும்பின் மேல்தோலும் துளியும் இருக்கக் கூடாது. சுரண்டி, அரத்தால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் போட்டுக் கொழுப்பைத் துடைக்க வேண்டும். எலும்பில் குறுக்காக இரண்டு திருகாணிகளைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டால் சிமென்ட் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் சிறிய எலும்பான ஃபிபுலாவை 3.5 மி.மீ. திருகாணியால் டிபியாவோடு முதலில் சேர்த்துவிட வேண்டும். வெளிப்பக்கத் தசைநார் அதில்தான் முடிகிறது, அது ஆடினால் எல்லாம் ஆடும். போன் சிமென்ட் இறுகும்போது சூடாகும். ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு தடவையாக ஊற்றி, மூட்டின் மேல் ஈரத்துணி போட்டு வைக்க வேண்டும். கார் பாடிக்குப் போடும் பாலியெஸ்டர் பட்டியையும் பல கூடங்களில் பயன்படுத்துகிறார்கள், விலையும் குறைவு. ஹார்டனரைக் கூட்டிப் போட்டால் சூடேறி விரிசல் விடும். 70 டிகிரியில் உருகும் உட்ஸ் மெட்டல் என்ற உலோகக் கலவையை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன.

கேள்வி: எட்டு முழங்கால்களில் இரண்டு முறை அளந்ததில் ஐசிசி (மறுபடி அளந்தால் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குறியீடு) 0.95 வந்தது. ‘மிகச் சிறப்பு’ என்று வகைப்படுத்திவிட்டோம். போதுமா?
– ஆராய்ச்சி மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: போதாது. 0.9-க்கு மேல் ‘மிகச் சிறப்பு’ என்ற வகைப்பாடு 2016-இல் கூ, லீ இருவரும் எழுதிய வழிகாட்டியிலிருந்து பரவியது. ஆனால் அவர்களே ஒற்றை மதிப்பைப் பார்க்காமல் 95 சதவீத நம்பக இடைவெளியைப் பார்க்கச் சொல்கிறார்கள். எட்டே முழங்கால்களில் அந்த இடைவெளி அகலமாக இருக்கும்.

ஐசிசிக்கு அலகு கிடையாது. முழங்கால்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டால், சுமாரான அளவீட்டுக்கும் அது உயர்ந்து நிற்கும். அதை மி.மீ.க்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் எட்டு முழங்கால்களின் நியமவிலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிய சிதறல், 2.0 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அளவீட்டின் நியமப் பிழை 2.0 × √(1 − 0.95) = 0.45 மி.மீ. ஒரே முழங்காலில் இரண்டு அளவீடுகளுக்கு இடையே உண்மையான மாற்றம் என்று சொல்லக் குறைந்தபட்சம் அதன் 2.77 மடங்கு வேண்டும்: சுமார் 1.24 மி.மீ. நீங்கள் தேடுவது 1 மி.மீ. வேறுபாடு என்றால், ‘மிகச் சிறப்பு’ ஐசிசி இருந்தும் ஒரு தனி முழங்காலில் அதைக் காண முடியாது. பல முழங்கால்களின் சராசரியில் காண வாய்ப்பு உண்டு, அதற்கு எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

அதைவிட முக்கியமாக, எதை இரண்டு முறை செய்தீர்கள்? முழங்காலைக் கழற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினால் ரோபோ தன்னையே நகலெடுக்கும், 0.99 கூட வரும். கழற்றி மாட்டி, புள்ளிகளை மறுபடி தொட்டு, வேறொருவர் வேறொரு நாளில் செய்ததா? ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். ஐசிசியில் எந்த வகை என்றும் எழுதுங்கள். முழு ஒப்புமை வகையா, சீர்மை வகையா என்பதைப் பொறுத்து ஒரே தரவில் வேறு வேறு எண் வரும். இரண்டாம் நாள் எல்லா முழங்கால்களும் சரியாக 1 மி.மீ. கூடுதலாகக் காட்டினால் சீர்மை வகை அதைக் கண்டுகொள்ளாது, பியர்சன் ஒட்டுறவும் 1 என்றே சொல்லும். 1986-இல் பிளாண்ட்டும் ஆல்ட்மனும் சொன்ன வரைபடம், அதாவது இரண்டின் வேறுபாட்டை இரண்டின் சராசரிக்கு எதிராகப் போடுவது, அந்த 1 மி.மீ.யைக் கண்ணெதிரே காட்டிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு ‘ரோபோ மூலம்’ முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். நீங்கள் எழுதும் ரோபோவும் அதுவும் ஒன்றா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இல்லை. அது எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் வெட்ட மருத்துவருக்கு உதவும் கருவி. இங்கே பேசுவது ஆய்வுக்கூடத்தில் மூட்டை அளக்கும் கருவி. இதன் எண்களை வைத்து அம்மாவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரிடம் கேட்கத் தக்கது, இந்த அறுவை சிகிச்சையை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், கருவி நடுவில் நின்றால் வழக்கமான முறையில் முடிப்பாரா என்பது.

கேள்வி: மனித முழங்கால் கிடைக்கும்வரை ஆட்டு முழங்காலில் பழகலாமா?
– முதுநிலை மாணவர்கள், மன்னார்குடி

பதில்: தாராளமாக. மனித முழங்காலுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அதுவரை கைப்பழக்கம் வீணாக வேண்டாம். கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வையுங்கள், பின்னங்காலை மூட்டில் வெட்டாமல் இரு எலும்புத் தண்டும் நீளமாக இருக்கும்படி வாங்குங்கள். உடனே சோதிக்க முடியாவிட்டால் உப்புநீரில் நனைத்த துணி சுற்றி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் மைனஸ் 20-இல் வையுங்கள்.

மூன்று வேறுபாடுகளை நினைவில் வையுங்கள். ஆட்டு முழங்கால் மனிதருடையதைப் போல முழுக்க நீளாது. பூஜ்ய டிகிரிக்குக் கட்டாயப்படுத்தினால் ஏதாவது கிழியும். விரல்களை நீட்டும் ஒரு தசையின் நாண் ஃபீமரிலிருந்தே கிளம்பி மூட்டைக் கடந்து போகிறது, மனிதரில் அப்படி இல்லை. அதை விட்டுவைத்தீர்களா அறுத்தீர்களா என்று குறியுங்கள். விசையை 50 நியூட்டனில் தொடங்குங்கள். ரோபோவின் விசை வரம்பையும் அதற்கேற்பக் குறைத்து, ஆள் யாரும் எட்டும் தூரத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். ஆட்டில் கிடைத்த மி.மீ. எண்களை மனித முழங்காலுக்குச் சொல்லாதீர்கள். கழற்றி மாட்டினால் எவ்வளவு மாறுகிறது என்ற எண்ணைச் சொல்லலாம், அது உங்கள் கிளாம்பையும் கையையும் பற்றியது.

கேள்வி: லோட் செல்லைச் சரிபார்க்க 134 நியூட்டனுக்கு எத்தனை கிலோ தொங்கவிட வேண்டும்? 9.81-ஆல் வகுத்தால் போதுமா?
– இயற்பியல் ஆசிரியர், திருவையாறு

பதில்: காவிரி டெல்டாவின் அட்சரேகையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78-ஐ ஒட்டியே இருக்கும், 9.782 என்று வைத்துக்கொள்ளலாம். 134 நியூட்டனுக்கு 13.70 கிலோ. 9.81 போட்டால் 13.66 கிலோ வரும், 0.4 நியூட்டன் குறையும். பெரும்பாலான லோட் செல்களின் சொந்தப் பிழை இதைவிடப் பெரிதுதான். ஆனாலும் காரணம் தெரிந்த, செலவில்லாமல் திருத்தக்கூடிய பிழையை ஏன் விட்டுவைக்க வேண்டும்? கடை எடைக்கற்களை ஆய்வுக்கூடத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, உண்மை எடையை மேலே எழுதி வையுங்கள்.

கப்பியில் கயிறு போட்டுப் பக்கவாட்டில் இழுத்தால் உராய்வு கணக்கில் சேரும். கப்பி வேண்டாம், சோதிக்கும் அச்சு கீழ்நோக்கி வரும்படி ரோபோவையே திருப்பி, நேராகத் தொங்கவிடுங்கள். 0, 2, 5, 10, 15 கிலோ என்று ஏற்றி, அதே படிகளில் இறக்குங்கள். ஓர் அச்சில் தொங்கும்போது மற்ற ஐந்து அச்சுகளும் என்ன காட்டுகின்றன என்பதையும் எழுதுங்கள். அங்கே எண் முளைத்தால் அச்சுகள் ஒன்றோடொன்று கசிகின்றன. முறுக்கு விசைக்கு 200 மி.மீ. கை ஒன்றைப் பூட்டி, முனையில் 2.556 கிலோ தொங்கவிட்டால் 5 நியூட்டன்-மீட்டர். கையின் சொந்த எடையை முதலில் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

லோட் செல்லின் அளவெல்லை எவ்வளவு என்றும் பாருங்கள். 2000 நியூட்டன் செல்லில் அரை சதவீதப் பிழை என்றால் 10 நியூட்டன்; தடம் தேடும்போது 5 நியூட்டனுக்குள் நிறுத்துகிறோம் என்று அதை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். நடுவில், ஒவ்வொரு முழங்காலுக்கும் முன்னால், 10 கிலோவை ஒருமுறை தொங்கவிட்டு 97.8 நியூட்டன் வருகிறதா என்று பாருங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே எடைக்கு எண் வேறாக வந்தால் முதலில் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். செல்லைக் கழற்றி அனுப்புவது அதற்குப் பிறகு.